குடலும் ஊரும்

நோயுற்ற சுண்டெலி தீனியைத் தொடாது. கூண்டின் ஓரத்தில் மயிர் சிலிர்க்கச் சுருண்டு கிடக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்டர் செர்வோன்ஸ்கியின் ஆய்வுக் குழு அப்படிக் கிடந்த எலிகளின் சிறுகுடலை ஆராய்ந்தது. பட்டினி கிடக்கும் உடல் கையைச் சுருக்கிக்கொள்ளும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே நடந்தது வேறு. சிறுகுடலின் உட்சுவர்ச் செல்கள் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைத் தங்கள் மேற்பரப்பெங்கும் மும்முரமாகக் கோத்துக்கொண்டிருந்தன. எலியின் பசிக்கும் இந்தச் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. அது சுவரிலிருந்து உதிர்ந்து குடலுக்குள் போகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைப் பிரித்தெடுத்து உண்கின்றன. தான் உண்ணாத நாளிலும் தன் வயிற்றில் குடியிருப்பவர்களை அந்த உடல் பட்டினி போடவில்லை. 2014இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு இது.

உத்தரவு வந்த வழியைப் பார்க்க வேண்டும். நோயின் வருகையை முதலில் அறிபவை நோயெதிர்ப்புச் செல்கள். அவை இன்டர்லூகின்-23 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதை உணர்ந்து, குடல்சுவரில் காவலிருக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-22ஐச் சுரக்கின்றன. அது சுவர்ச் செல்லைத் தொட்டதும் எஃப்யூடி2 என்ற மரபணு விழிக்கிறது. அந்த மரபணு தரும் நொதிதான் ஃபியூகோஸைக் கோக்கிறது. எதிரியைக் கண்டதும் ஆள் திரட்டும் அதே நோயெதிர்ப்பு மண்டலம், அதே வேளையில், வீட்டிலிருக்கும் விருந்தினருக்கு இலை போடவும் சொல்கிறது. இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகள் நோயிலிருந்து எழுந்தபோது இழந்த எடை மீளத் தாமதமானது. குடலைத் தாக்கும் கிருமி அவற்றைக் கூடுதலாக வாட்டியது. ஃபியூகோஸ் கிடைத்த குடலிலோ, பாக்டீரியாக்களின் கேடு விளைவிக்கும் மரபணுக்கள் அடங்கியே இருந்தன. தயவும் தற்காப்பும் ஒரே செயலாக இருக்கும் இடம் உயிரில் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை.

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. கண்ணிலும் கல்லீரலிலும் குடலிலும் இருப்பது அதே தொகுதிதான். எது வாசிக்கப்படுகிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதில்தான் கண் கண்ணாகிறது, குடல் குடலாகிறது. மரபணு வெளிப்பாடு என்று சொல்வது இதைத்தான். இந்த வாசிப்பை உடல் தானாகவே நடத்திக்கொள்கிறது என்ற எண்ணம் வெகுகாலம் இருந்தது. 1996இல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோர்டனும் அவருடைய சகாக்களும் அந்த எண்ணத்தை அசைத்தார்கள். கிருமியே படாமல் மூடிய பிளாஸ்டிக் கூடாரங்களில் வளர்ந்த சுண்டெலிகளின் குடலில், பால்குடி மறந்த பிறகு இருக்க வேண்டிய ஃபியூகோஸ் இல்லை. பாக்டீராய்டிஸ் இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு வகைப் பாக்டீரியாவை அவற்றுக்குள் குடியேற்றினார்கள். சர்க்கரை வந்துவிட்டது. ஃபியூகோஸை உண்ண முடியாதபடி திரிந்த அதே வகைப் பாக்டீரியாவைக் குடியேற்றியபோது வரவில்லை. உண்ணக் கூடியவர் வந்து கேட்ட பிறகே சுவர் கொடுத்திருக்கிறது. ஐந்தாண்டு கழித்து அதே குழு, அந்த ஒற்றைப் பாக்டீரியாவின் வருகையால் குடலில் எந்தெந்த மரபணுக்களின் வாசிப்பு மாறுகிறது என்று பார்த்தது. உணவை உறிஞ்சுவது, சுவரை உறுதிப்படுத்துவது, நச்சைச் செரிப்பது, இரத்த நாளங்களை வளர்ப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் மரபணுக்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. இவையெல்லாம் நம்முடைய சொந்த வேலைகள் என்று நாம் எண்ணியிருந்தவை.

பெருங்குடலில் இது இன்னும் நெருக்கமாக நடக்கிறது. கீரைத்தண்டு, பயற்றின் தோல், வாழைக்காயின் மாவுச்சத்து இவற்றில் ஒரு பகுதியை நம் நொதிகளால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலை அடைகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான். பாக்டீரியாக்களே இல்லாத எலியில் அந்தச் செல்கள் ஆற்றல் வற்றித் தம் உள்ளுறுப்புகளையே தின்னத் தொடங்குகின்றன. பியூட்டிரேட்டின் வேலை அத்தோடு முடிவதில்லை. செல்லின் உட்கருவில் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. சுற்று இறுகினால் அங்குள்ள மரபணுவைப் படிக்க முடியாது. இறுக்கும் நொதிகளை பியூட்டிரேட் தடுக்கிறது, சுற்று தளர்கிறது, மூடிக் கிடந்த பக்கம் திறக்கிறது. 2013இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரு முடிவுக்கு வந்தன. நோயெதிர்ப்பின் சீற்றத்தை அடக்கிவைக்கும் ஒருவகை டி செல்கள் பெருங்குடலில் பெருக இந்தக் கொழுப்பு அமிலங்கள் உதவுகின்றன என்பதே அது. நேற்று உண்ட பயறு, ஒரு பாக்டீரியாவின் வாய் வழியே, இன்று என் வெள்ளணு எந்தப் பக்கத்தைப் படிக்கிறது என்பதில் கை வைக்கிறது.

நோயெதிர்ப்பும் பிறவியிலேயே முழுமையாக வருவதல்ல. கிருமியற்ற எலிகளின் குடலில் நோயெதிர்ப்புத் திசுக்கள் வளராமல் சிறுத்துக் கிடக்கின்றன. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் அவற்றில் மிகவும் குறைவு. நம் உடல் நாள்தோறும் பல கிராம் ஐ.ஜி.ஏ. செய்கிறது. மற்ற எல்லா எதிர்ப்பொருள்களையும் கூட்டினாலும் அந்த அளவு வராது. அதில் பெரும்பங்கு குடலுக்குள் போகிறது. அங்கே பாக்டீரியாக்களைத் தழுவி, கொல்லாமல், சுவரிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. 2009இல் நியூயார்க்கில் டான் லிட்மனின் குழு கண்டது இதைவிட வியப்பானது. இரண்டு பண்ணைகளிலிருந்து வாங்கிய எலிகள் மரபில் ஒரே வகை. ஒரு பண்ணையின் எலிகளின் சிறுகுடலில் டிஎச்17 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் நிறைய இருந்தன. மற்றப் பண்ணையின் எலிகளில் அவை இல்லை என்றே சொல்லலாம். தேடிப் போனபோது வேறுபாடு ஒற்றைப் பாக்டீரியாவில் வந்து நின்றது. நூல்போல நீண்டு சிறுகுடல் சுவரில் ஒட்டி வாழும் ஒரு வகை அது. ஒரு பண்ணையில் அது இருந்தது, மற்றதில் இல்லை. மரபணு ஒன்று; வளர்ந்த இடம் வேறு; நோயெதிர்ப்பு வேறு.

இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிக்கும்போது ஓர் எண்ணம் எனக்கு வலுப்பட்டுக்கொண்டே வருகிறது. குடல் என்பது தோலுக்குள் அடைத்துவைத்த தனிச்சொத்து அல்ல. ஊர் உடலுக்குள் நீளும் இடம் அது. தாயின் உடல், குடிக்கும் நீர், தவழும் தரை, பக்கத்து வீட்டுச் சாக்கடை எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. வந்து, நம் மரபணுக்களில் எது படிக்கப்படும் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றன. இதைக் கவித்துவமாகச் சொல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலான சான்று இதற்கு உண்டு.

1960களில், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்கதேசத்தில், அமெரிக்க அமைதிப் படையின் இளம் தன்னார்வலர்கள் வேலைசெய்தார்கள். நல்ல உணவில் வளர்ந்து, நல்ல உடல்நலத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபோது பலரிடம் குடலுறிஞ்சிகள் குட்டையாகிக் கிடந்தன. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற அந்த நீட்சிகளைச் சுற்றி வெள்ளணுக்கள் குவிந்திருந்தன. நாடு திரும்பிய பிறகு குடல் மெல்லப் பழைய நிலைக்கு மீண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தனும், நோயென்று எதுவும் சொல்லாத தென்னிந்திய மக்களின் குடலிலும் இதே மாற்றம் பரவலாக இருப்பதைப் பதிவுசெய்தார்கள். இனம், பரம்பரை, உடல்வாகு என்று எதைச் சொல்லியும் இதை விளக்க முடியாது. தன்னார்வலரின் குடல் வந்து சேர்ந்த ஊரின் நீரை அறிந்தது. தன் நாட்டுக்குப் போனதும் அந்த நாட்டின் நீரை அறிந்தது. அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. வேலூரிலோ டாக்காவிலோ பிறந்த குழந்தைக்கு அது இல்லை.

இதன் விலையைச் சொட்டு மருந்து காட்டிக்கொடுத்தது. போலியோவுக்கு எதிராக நாக்கில் விடப்படும் அந்த மருந்து குடலில் வேலைசெய்வது. பணக்கார நாடுகளில் மூன்று தவணையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பு வந்தது. 1970களில் வேலூரில் டி. ஜேக்கப் ஜான், அதே மூன்று தவணை இங்குள்ள பல குழந்தைகளுக்குப் போதவில்லை என்று காட்டினார். இந்தியா திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்தே கரையேற வேண்டியிருந்தது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இங்கே கடைசியாக ஒருவர் நோயுற்றது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்திலும் இதே கதை. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்ட இந்திய மருந்து, அந்த வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 விழுக்காடு தடுத்தது. அது எத்தனையோ உயிர்களைக் காக்கும் அளவுதான். ஆனாலும் இத்தகைய மருந்துகள் செல்வ நாடுகளில் தரும் காப்பு அதைவிட வெகுவாக உயர்ந்தது.

இந்தக் குறைவுக்குக் காரணம் குடலில் வாழும் கெட்ட பாக்டீரியாக்கள்தான் என்றால் வழி எளிது: அவற்றைக் கொன்றுவிட்டு மருந்தைக் கொடுக்கலாம். வேலூர் வட்டாரத்தில் அதையே செய்து பார்த்தார்கள். ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைகள் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு மூன்று நாள் அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு சொட்டு மருந்து விட்டார்கள். நோய்க்கிருமிகள் குறைந்தன. குடல் அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. சொட்டு மருந்துக்கான எதிர்ப்பு மட்டும் கூடவில்லை. ஆன்டிபயாடிக் பெற்றவர்கள், பெறாதவர்கள் ஆகிய இரு தரப்பிலும் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கே அது வந்தது. 2016இல் வெளியான இந்த முடிவைத் தோல்வி என்று ஒதுக்குவது சரியல்ல. பல மாதமாக ஊர் எழுதியதை மூன்று நாள் மருந்து அழித்துவிடாது என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது. டாக்காவில் 2020இல் வந்த ஆய்வு இதற்கு இன்னொரு பக்கம் சேர்த்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் கண்ட பாக்டீரியாக்களில் பதினான்கு வகை, குடல் அழற்சியோடு சேர்ந்தே காணப்பட்டன. அவற்றில் எதுவும் வழக்கமான நோய்க்கிருமிப் பட்டியலில் வருவதல்ல. இருக்கக் கூடாத இடத்தில், இருக்கக் கூடாத அளவில் இருந்ததே சிக்கல். அப்படியானால் குற்றவாளியைப் பிடிப்பது என்ற முறையே இங்கே செல்லாது.

தாய்ப்பாலை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள திடப்பொருள்களில் பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்து நிற்பவை குழந்தையால் செரிக்கவே முடியாத சிக்கலான சர்க்கரைகள். அவை போய்ச் சேருவது பிஃபிடோபாக்டீரியாக்களுக்கு. அந்தச் சர்க்கரைகளில் பலவற்றுக்கு ஃபியூகோஸைக் கோத்துக் கொடுப்பது அதே எஃப்யூடி2 மரபணு. நோயுற்ற எலியின் குடலில் விழித்த மரபணு தாயின் மார்பிலும் விழித்திருக்கிறது. பால் கொடுக்கும் தாய் ஒரு குழந்தையை மட்டும் வளர்க்கவில்லை. அக்குழந்தை யாரோடு சேர்ந்து வாழப்போகிறதோ அவர்களையும் சேர்த்து வளர்க்கிறாள். மலாவியில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் தாய்மாருடைய பாலில், சியாலிக் அமிலம் கோத்த இன்னொரு வகைச் சர்க்கரைகள் குறைந்திருந்ததை 2016இல் கண்டறிந்தார்கள். குழந்தையின் குடலைப் பற்றிப் பேசும் எவரும் தாயின் தட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

அதே மலாவியில் 317 இரட்டைக் குழந்தை இணைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒரே தாய், ஒரே குடிசை, ஒரே மக்காச்சோளக் கூழ். ஆயினும் பத்தில் நான்குக்கும் மேற்பட்ட இணைகளில் ஒரு குழந்தை சத்துக்குறைவில் விழுந்தது, மற்றது தப்பியது. கால் வீங்கி முகம் உப்பும் குவாஷியோர்கர் நோயில் விழுந்த குழந்தையின் குடல் பாக்டீரியாக்களைக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்து, மலாவி உணவையும் ஊட்டியபோது எலிகள் வேகமாக எடை இழந்தன. அந்த உணவு மட்டும் போதவில்லை, அந்தப் பாக்டீரியாக்கள் மட்டும் போதவில்லை. இரண்டும் சேர்ந்தபோதே கேடு வந்தது. 2013இல் வெளியான இந்த ஆய்வு, பசி என்பதைக் கலோரிக் கணக்காக மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கு விழுந்த அடி.

கோர்டனும் டாக்காவின் தஹ்மீத் அகமதும் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். அந்நகரின் மீர்பூர் குடிசைப் பகுதியின் நலமான குழந்தைகளில் குடல் பாக்டீரியாக் கூட்டம் மாதந்தோறும் ஓர் ஒழுங்கில் முதிர்கிறது. சத்துக்குறைந்த குழந்தைகளில் அது வயதுக்குத் தக்கபடி முதிராமல் நின்றுவிடுகிறது. வழக்கமான சத்துமாவு கொடுத்து எடை கூட்டினாலும் முழுதாகத் தேறுவதில்லை. எந்த உணவு அந்த முதிர்ச்சியைத் தூண்டும் என்று தேடி, கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை ஆகியவற்றின் மாவும் வாழைக்காயும் சேர்ந்த ஒரு கலவைக்கு வந்தார்கள். 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்த சோதனையின் முடிவு 2021இல் வந்தது. வழக்கமான சத்துணவைவிட இதில் கலோரி குறைவு. எடை வளர்ச்சியோ இதில்தான் கூடுதல். எலும்பு, நரம்பு வளர்ச்சியோடு தொடர்புடைய புரதங்கள் குழந்தைகளின் இரத்தத்தில் உயர்ந்திருந்தன. கொண்டைக்கடலையும் வாழைக்காயும் விற்காத சந்தை வங்கத்தில் இல்லை, நம்மிடமும் இல்லை. கேள்வி அவை யாருடைய தட்டுக்கு வருகின்றன என்பதே.

இத்தனை அறிவும் இன்று நமக்கு எந்த வடிவில் வந்து சேருகிறது? சின்னப் புட்டியில் அடைத்த பாக்டீரியாவாக, விலைச்சீட்டு ஒட்டிய மாத்திரையாக. நோயெதிர்ப்பை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம் என்று அவை சொல்கின்றன. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஆன்டிபயாடிக் உண்டவர்களை வைத்து நடந்த சோதனையில், பதினொரு வகைப் பாக்டீரியா அடங்கிய மாத்திரை, அவர்களுடைய சொந்தப் பாக்டீரியாக் கூட்டம் திரும்பி வருவதைத் தாமதப்படுத்தியது. சில நோய்களில் சில பாக்டீரியாக்கள் உதவும் என்பதை மறுக்கவில்லை. பொதுவில் கெட்டுப்போன ஒன்றைத் தனியாகச் செப்பனிடலாம் என்ற நம்பிக்கைதான் பிழையானது.

அந்தப் பிழை கருணையோடு செய்யும் திட்டங்களிலும் உண்டு. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளிலிருந்து மூன்று பெரிய சோதனைகளின் முடிவுகள் வந்தன. வீடுவீடாகக் கழிப்பறை கட்டிக் கொடுத்தார்கள், குடிநீரில் குளோரின் கலக்கவும் கைகழுவவும் கற்றுக்கொடுத்தார்கள். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது. குழந்தைகளின் உயரம் எந்த நாட்டிலும் இவற்றால் கூடவில்லை. சத்துணவு கொடுத்த பிரிவுகளில் மட்டும் சிறிதளவு கூடியது. கழிப்பறை வீண் என்று இதற்குப் பொருள் சொன்னவர்கள் உண்டு. நான் வாசிக்கும் பொருள் நேர் எதிரானது. ஒரு வீட்டில் கழிப்பறை கட்டினால் அந்த வீட்டின் சுவர் வரைதான் சுத்தம். குழந்தை தவழ்வது தெருவின் மண்ணில், குடிப்பது ஊரின் நீரில். வீட்டளவில் செய்யும் மலிவான ஏற்பாடு போதாது, ஊரையே மாற்றும் ஏற்பாடு வேண்டும் என்று துறை வல்லுநர்கள் பின்னர் எழுதினார்கள். குடல்சுவர் அதை முன்பே சொல்லிவிட்டது. அமைதிப் படைத் தன்னார்வலர்களைத் தேற்றியது மாத்திரை அல்ல, குழாயில் எப்போதும் நல்ல நீர் வரும், கழிவு கண்ணில் படாமல் போய்ச் சேரும் ஒரு நாடு.

ஆகவே இந்த ஆய்வுகளின் முடிவுகள் போய்ச் சேர வேண்டிய இடம் மருந்துக்கடை அலமாரி அல்ல. நகராட்சியின் குடிநீர்த் திட்டத்திலும், பாதாளச் சாக்கடைக்கான ஒதுக்கீட்டிலும், அங்கன்வாடியின் வாராந்திர உணவுப் பட்டியலிலும், கர்ப்பிணிக்குக் கிடைக்கும் பயற்றின் அளவிலும் அவை இடம்பெற வேண்டும். கிராமத்துக்கு ஒரு குழாய் போடுவது பொறியாளரின் வேலை என்றும், மரபணு வெளிப்பாடு ஆய்வகத்தின் வேலை என்றும் பிரித்துவைத்திருக்கிறோம். அந்தக் குழாயில் வரும் நீரைக் குடிக்கும் குழந்தையின் குடலில் அந்தப் பிரிவினை கிடையாது. எந்த மரபணு விழிக்க வேண்டும், எந்தத் தடுப்பு மருந்து பிடிக்க வேண்டும், எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்பதில் ஒரு பங்கை நாம் வாக்களித்து அனுப்பும் மன்றங்கள் முடிவுசெய்கின்றன. அந்த முடிவுகளைக் கேட்டு வாங்கும் பொறுப்பு, உயிரியலை வாசிப்பவர்களாகிய நமக்கும் உண்டு.